ஒரே ஸ்பிரிங் ஏர் ரைபிள், மூன்று வகை: 11 மி.மீ. டவ்டெயிலா, பிகாட்டினியா?

குறிபார்ப்பவன்:

வணக்கம். 4.5 மி.மீ. பிரேக் பேரல் (பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை) ஸ்பிரிங் ரைபிள் ஒன்று வாங்கப்போகிறேன். பேரல், பிஸ்டன், ட்ரிகர் எல்லாம் ஒன்றுதான். மேலே வரும் சாமான் மட்டும் மூன்று விதம்.

ஏ: முன்னும் பின்னும் ஓபன் சைட் (லென்ஸ் இல்லாத குறிபார்ப்பு). ரிசீவர் குழாயிலேயே (பிஸ்டன் ஓடும் உடல்) வெட்டிய 11 மி.மீ. டவ்டெயில், அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட் கவ்வுவதற்கான நீளப் பள்ளங்கள்; அதில் ஸ்டாப் பின் (மவுன்ட் வழுக்காமல் தடுக்கும் ஆணி) இறங்க மூன்று துளைகள்.
பி: சைட்டே கிடையாது, பேரல் முனையில் மசில் பிரேக் என்ற உருளை. மேலே திருகாணியால் பொருத்திய பிகாட்டினி ரெயில் (குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பட்டை).
சி: ஃபைபர் ஆப்டிக் (ஒளிரும் முத்து வைத்த) ஓபன் சைட், கூடவே அதே திருகாணி பிகாட்டினி.

10 மீட்டர் காகித டார்கெட்தான் முக்கியம். ஓபன் சைட்டில் பழகிவிட்டு பீப் சைட்டுக்கு (சின்னத் துளை வழியே பார்க்கும் பின்சைட்) போக ஆசை. பிற்பாடு 25 மீட்டருக்கு 4-12×40 ஸ்கோப்பும் (4 முதல் 12 மடங்கு பெருக்கம், 40 மி.மீ. முன்லென்ஸ்) போடலாம். எதை எடுத்தால் பின்னால் கையைக் கட்டிப்போடாது?

திருகாணி:

ஏ எடுங்கள். ரெயிலின் வடிவத்தைவிட அது ரைபிளோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஸ்பிரிங் ரைபிளில் முக்கியம்.

பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது ரைபிள் பின்னால் நகரும். பிஸ்டன் போய் நின்றதும் அதே ரைபிள் வெடுக்கென்று முன்னால் இழுபடும். சேதம் செய்வது இந்த இரண்டாவது இழுப்புதான். ரைபிள் முன்னால் போக, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் மவுன்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால், உங்கள் கண் பக்கம் வழுக்கி வரும். திருகாணியால் பொருத்திய ரெயிலில் இந்த அடி முழுவதையும் சின்னத் திருகாணிகளே வாங்குகின்றன. முதலில் தளரும், கவனிக்காமல் விட்டால் தலை அறுந்துபோகும். குழாயிலேயே வெட்டிய டவ்டெயிலில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அது வழவழப்பானது, வெறும் இறுக்கத்தை நம்பினால் வழுக்கும். ஸ்டாப் பின் கட்டாயம்.

பின்னில் ஒரு நுணுக்கம் உண்டு. பின் துளைக்குள் இறங்க வேண்டும், ஆனால் துளையின் அடியில் முட்டக்கூடாது. நீளமாக இருந்து முட்டினால் மவுன்டையே ரெயிலிலிருந்து தூக்கிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடி அரைகுறைதான்.

வட்டக்குறி:

பீப் சைட் எண்ணம் இருந்தால் பி-யைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். பீப் சைட்டுக்கு முன்சைட் இல்லாமல் முடியாது. மசில் பிரேக் வைத்த பேரலில் அதைப் பிற்பாடு பொருத்துவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

சி-யிலும் சிக்கல். மேட்ச் (போட்டிக்கான) பீப் சைட்டுகள் 11 மி.மீ. டவ்டெயிலுக்கே செய்யப்படுகின்றன. பிகாட்டினியில் உட்கார வைக்க அடாப்டர் வேண்டும். ரெயிலின் உயரமும் அடாப்டரின் உயரமும் சேர்ந்து பீப் மேலே போகும், முன்சைட் கீழேயே நிற்கும். பீப்பை முழுக்க இறக்கினாலும் குண்டு மேலேயே விழும். முன்சைட்டையும் உயர்த்த வேண்டும், கூடவே கன்னம் வைக்கும் இடத்தையும்.

ஃபைபர் ஆப்டிக் பற்றி ஒரு வார்த்தை. 10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டின் கருவட்டம் 30.5 மி.மீ., நடுவில் 10-க்கான புள்ளி வெறும் 0.5 மி.மீ. ஒளிரும் முத்தின் ஓரம் கசிந்து தெரிவதால் கருவட்டத்தை எங்கே தொடுகிறது என்று கண் உறுதியாகச் சொல்லாது. காகிதத்துக்குக் கூர்மையான கறுப்பு முனையே மேல். ஏ-யின் முன்சைட் சட்டங்களை (உள்ளே சொருகும் முனை, வளையம் போன்ற தகடுகள்) மாற்றும் வகையா என்று பாருங்கள். அப்படியானால் பீப் போடும்போது வளையச் சட்டம் சொருகிக்கொள்ளலாம்.

ஓபன் சைட் திருத்தக் கணக்கும் எளிது: குண்டு விலகிய தூரம் × இரு சைட்டுக்கும் இடைவெளி ÷ டார்கெட் தூரம். 10 மீட்டரில் 20 மி.மீ. கீழே விழுகிறது, இடைவெளி 450 மி.மீ. என்றால் பின்சைட் 0.9 மி.மீ. ஏற வேண்டும்.

நேர்கோடு:

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் பிரேக் பேரலில் யாரும் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஓபன் சைட் முன்னும் பின்னும் பேரல் பகுதியிலேயே இருந்தால், மடக்கி மூடும்போது பேரல் எங்கே உட்கார்ந்தாலும் சைட்டும் கூடவே நகரும். ஸ்கோப்பும் பீப்பும் ரிசீவர் மேல். அங்கே மூடும் பூட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். 400 மி.மீ. பேரலின் முனை 0.1 மி.மீ. தாழ்ந்தால் 25 மீட்டரில் 6 மி.மீ. கீழே போகும். ஆகவே கடையில் ரெயிலைப் பார்க்கும் முன் ஸ்டாக்கை (துப்பாக்கியின் கட்டை) பிடித்துக்கொண்டு பேரலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்தத் துப்பாக்கியை விட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

பல பிரேக் பேரல்களில் முனை இயல்பாகவே சற்றுத் தாழ்ந்திருக்கும். ஸ்கோப் போட்டதும் 10 மீட்டரில் 50 மி.மீ. கீழே அடித்தால் அது ஏறக்குறைய 17 எம்ஓஏ (கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). கால் எம்ஓஏ கிளிக் 10 மீட்டரில் 0.73 மி.மீ. தான், எனவே 68 கிளிக் மேலே திருப்ப வேண்டும். டரெட் (கிளிக் கிளிக்காகத் திருப்பும் ஸ்கோப் குமிழ்) அதன் எல்லையை நெருங்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து ஜீரோ (சரிசெய்து வைத்த குறி) நிலைக்காது. பின்பக்கம் உயர்ந்த சரிவு மவுன்ட் இதற்குத்தான். பின் வளையத்துக்கடியில் தகடு வைத்து ஒப்பேற்றினால், வளையங்கள் 100 மி.மீ. தள்ளி இருக்கும்போது அரை மி.மீ. தகடு தேவைப்படும். அவ்வளவு வைத்து இறுக்கினால் ஸ்கோப் குழாய் வளையும்.

ஸ்கோப் மட்டும்தான் என்றால் நான் பிகாட்டினி பக்கமே நிற்பேன். குறுக்குப் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், மையத்திலிருந்து மையம் 10.01 மி.மீ. என்று தரமாகவே வரையறுத்திருக்கிறது. மவுன்ட் தேடி அலைய வேண்டாம். பொருத்தும்போது மவுன்டைப் பின்னோக்கித் தள்ளி, குறுக்குக் கட்டை பள்ளத்தின் பின்சுவரில் முட்டிய பிறகே இறுக்குங்கள். தோட்டாத் துப்பாக்கிக்கு முன்னால் தள்ளச் சொல்வார்கள். ஸ்பிரிங்குக்கு அது தலைகீழ்.

குறிபார்ப்பவன்:

மிக்க நன்றி, ஏ என்றே முடிவு. ஸ்கோப் போடும்போது ஓபன் சைட் குறுக்கே வருமா? 40 மி.மீ. லென்ஸுக்கு வளையம் எவ்வளவு உயரம்?

திருகாணி:

முன்சைட் 4 மடங்கிலேயே மங்கல் நிழலாகிவிடும், தொந்தரவில்லை. பின்சைட் லென்ஸ் கூட்டில் இடிக்கலாம், அதைக் கீழே இறக்குங்கள் அல்லது கழற்றி வையுங்கள். 40 மி.மீ. லென்ஸின் கூடு வெளியளவில் சுமார் 48 மி.மீ. வரும். பாதி 24, இடைவெளி 2. ரெயில் மேற்பரப்பிலிருந்து ஸ்கோப் மையம் 26 மி.மீ. இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் கன்னம் ஸ்டாக்கை விட்டு எழும்பிவிடும்.

ஸ்கோப் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கென்றே சொல்லப்பட்டதாக இருக்கட்டும். இருபக்க அதிர்ச்சிக்குச் செய்யாத ஸ்கோப்பில் குறுக்குக்கம்பி அறுந்துவிடும். பேரலாக்ஸ் வளையம் (ஸ்கோப்பை டார்கெட் தூரத்துக்குச் சரிசெய்வது) 10 மீட்டருக்கு இறங்குகிறதா என்றும் பாருங்கள். 100 கெஜத்துக்கு நிலைநிறுத்திய ஸ்கோப் 10 மீட்டரில் 12 மடங்கில் தெளிவாகக் காட்டாது.

ரெயிலையும் மவுன்டின் தாடையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடையுங்கள். வளைய மூடித் திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி இறுக்குங்கள். பொதுவாக 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர், மவுன்ட் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே. கண் பக்கம் இருக்கும் மவுன்டின் பின்னோரத்தை ஒட்டி ரெயிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். 50 குண்டு போனதும் கோடு மவுன்டுக்கு அடியில் மறைந்திருந்தால் ஸ்டாப் பின் வேலை செய்யவில்லை என்று பொருள்.

கோக் செய்யும்போது (பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும்போது) ஸ்கோப்பைக் கைப்பிடியாகப் பிடிக்காதீர்கள். பெல்லட் போடும்வரை மறுகை பேரலை விடக்கூடாது.