சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) வளர்க்கிறவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை மதினி:
நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் புறவாசலில் சிறுவிடை மட்டும்தான், கறிக்கு இல்லை, முட்டைக்கும் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சுவதற்கும். அதில் சாம்பல் பெட்டை ஒருத்தி, திண்டு மேல் இருக்கிற ஓலைப்பெட்டியைத் தவிர வேறு எங்கும் முட்டையிட மாட்டாள். அடைக்கு உட்காரப் போகிற நேரம். அன்று மத்தியானம் பெட்டிப் பக்கமே போகாமல் மதில் மேல் நின்றுகொண்டு ஒரே கத்தல். முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிப்பது வேறு, இது வேறு, வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். என் மாமியார்தான் "உள்ள என்னமோ கெடக்கு, கைய விட்டுறாத" என்று சொல்லிக் கம்பால் பெட்டியைச் சாய்த்தார்கள். நல்ல பாம்பு. வயிறு மூன்று இடத்தில் புடைத்திருந்தது, நகரவே சிரமப்பட்டது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். வந்தவர் இடுக்கியில் பிடித்துத் தூக்கியதும் வாயைப் பிளந்து முட்டைகளை ஒவ்வொன்றாகக் கக்கிவிட்டது. ஒன்றில்கூட ஓடு உடையவில்லை, எச்சிலில் மினுமினுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் உருண்டன. பாம்பைச் சாக்கில் போடும் முன்பே சாம்பல்காரி மதிலிலிருந்து குதித்து வந்து, அவர் காலுக்குப் பக்கத்திலேயே நின்று, ஒரு முட்டையை அலகால் இழுத்துத் தன் நெஞ்சுக்கு அடியில் தள்ளிக்கொண்டாள். அத்தனை பேர் நிற்கிறோம், பாம்பும் அங்கேயே இருக்கிறது. அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கடையம் தோட்டக்காரர்:
மதினி, பெட்டியைத் தரையில் வைத்தால் பாம்பு வரத்தான் செய்யும். எங்கள் தோட்டத்தில் பட்டப்பகலில் கீரி வந்து ஒரு விடைக்கோழியைக் கழுத்தில் கவ்வியதை நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன், கல்லெறிந்தும் விடவில்லை, வேலிக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் பாம்பு முட்டையைத் தேடி வருவதைவிட எலியைத் தேடித்தான் அதிகம் வருகிறது. நொய், கம்பு எல்லாம் இறைத்துப் போட்டால் கோழி தின்றது போக மிச்சத்துக்கு ராத்திரி எலி வரும், எலிக்குப் பின்னாலேயே பாம்பு வரும், வந்த இடத்தில் முட்டை இருந்தால் அதையும் விழுங்கும். அதனால் தீனியைச் சட்டியில் வையுங்கள், பொழுது சாய்ந்ததும் எடுத்துவிடுங்கள். கூட்டுக்கு அடிக்கும் வலை அரை அங்குலத்துக்கு மேல் கண் இருக்கக் கூடாது, பெரிய கண்ணில் பாம்பு நுழைந்துவிடும். அதுவும் வலை மண்ணோடு நின்றால் கீரி தோண்டிக்கொண்டு வரும், ஒரு அடியாவது மண்ணுக்குள் இறக்க வேண்டும். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு வெருகும் (காட்டுப்பூனை) மரநாயும் வேறு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லாமல் சும்மா சாத்தி வைக்கிற கதவு அதுகளுக்குக் கதவே இல்லை.

பாளையங்கோட்டை மதினி:
அண்ணாச்சி, பெட்டி திண்டு மேல் இருந்தது என்று எழுதியிருக்கிறேனே. எலி விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

சிந்துபூந்துறை:
2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் தெரு ஆற்றுக்கு எவ்வளவு பக்கம் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வாசல்படி ஏறியதும் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறோம், ஆச்சி மட்டும் ரேஷன் கார்டையும் விட்டுவிட்டு அவயத்தில், அதாவது அடையில், இருந்த கோழியைக் கடகப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். முட்டை பொரிக்க ஒரு நாளோ இரண்டு நாளோதான் பாக்கி. கரண்ட் இல்லை, போன் சார்ஜ் இல்லை, கீழே தார்சாவில் நாற்காலி மோதுகிற சத்தம். யாருக்கும் தூக்கம் இல்லை. அந்த இருட்டில் ஆச்சி ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார்கள். உள்ளே இருந்து கீச் என்று ஒரு சத்தம். நான் அதிர்ந்துபோனேன், ஓட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சு கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சத்தத்துக்குத் தாய்க்கோழி அடித்தொண்டையில் "க்ர்ர்க்" என்று பதில் கொடுத்தது, உள்ளே இருந்தது திரும்பவும் கத்தியது. இரண்டும் பேசிக்கொண்டே இருந்தன. ஆச்சி "இது பொழச்சிரும்டா" என்றார்கள். பெட்டியில் ஒரு கரித்துண்டு, இரும்பு ஆணி, வத்தல் மிளகாய் எல்லாம் போட்டிருந்தார்கள், இடிக்கு முட்டை கெட்டுவிடக் கூடாது என்று. ஒன்றுகூடக் கூமுட்டை ஆகவில்லை.

திசையன்விளை பனங்காடு:
தம்பி, ஆச்சி மேல் மரியாதை இருக்கிறது, ஆனால் முட்டையைக் காப்பாற்றியது ஆணியும் மிளகாயும் இல்லை. இடிக்கு முட்டை கெடாது. கரு கூடாத முட்டை, நாள்பட்ட முட்டை, கோழி வெகுநேரம் எழுந்து போய்க் குளிர்ந்த முட்டை, இவைதான் கெடும். எங்கள் வீட்டில் ஒரு தடவை கூமுட்டை கோழியின் அடியிலேயே வெடித்தது, அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகவில்லை, பக்கத்து முட்டைகளும் அதோடு போயின. அதிலிருந்து நான் எதையும் சும்மா வைப்பதில்லை. அடை வைக்க ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டையாக எடுங்கள், கூர்முனை கீழே இருக்கும்படி நிழலில் வையுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்தது வேண்டாம். சிறுவிடைக்குப் பத்து, பன்னிரண்டு போதும், அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் அது உயிர் முட்டை, ஒன்றுமே இல்லாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் எடுத்துவிடலாம். 21 நாள் கணக்கு. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு தொடவே கூடாது, காதில் வைத்துக் கேட்பதும் கூடாது.

சிந்துபூந்துறை:
வெள்ளத்தில் கூடவா?

ஆழ்வார்குறிச்சி டீச்சர்:
அடைக்கோழி பேச்சு வந்ததால் சொல்கிறேன், ரொம்ப நாளாக உறுத்துகிறது. சிறுவிடை சும்மா சும்மா அடை படுக்கும், அதுவரை முட்டை நின்றுபோகும், அது எல்லோருக்கும் இருக்கிற தொல்லைதான். அதைத் தெளிய வைக்கிறேன் என்று எங்கள் வளவில் ஒருவர், கோழியின் இறகையே பிடுங்கி, அதன் மூக்கு ஓட்டை வழியாக இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்துவிட்டார். அது தலையை உதறி உதறி, காலால் மூக்கைப் பிறாண்டிக்கொண்டு, தண்ணீர்ச் சட்டியில் அலகை வைக்க முடியாமல் பின்வாங்கியது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். "எங்க அப்பா காலத்துல இருந்து இப்படித்தான்" என்கிறார். அதனால் சரியாகிவிடுமா? வயிற்றுச் சூடு குறைந்தாலே அடை தெளியும். அடியில் வலை வைத்த கூண்டில், காற்று கீழே இருந்து படுகிற மாதிரி தொங்கவிட்டு, தீனியும் தண்ணீரும் வைத்து, மூன்று நான்கு நாள் விட்டால் போதும். வைக்கோலோ சாக்கோ உள்ளே போடாதீர்கள். தண்ணீரில் முக்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், மார்கழிக் குளிரில் அதைச் செய்தால் சளி பிடித்துச் செத்துவிடும்.

நாங்குநேரி:
எங்களுக்கு வந்தது வெள்ளைக் கழிச்சல். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்று மாமா சந்தையில் ஒரு சேவல் வாங்கி வந்து, கொடை வரைக்கும் எங்கள் கோழிகளோடு விட்டார். அது முதலில் உறங்கித் தூங்கி நின்றது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது, அப்புறம் ஒவ்வொன்றாக. எல்லாம் போனதைவிட ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. குஞ்சுகளோடு இருந்த சிவப்புப் பெட்டைக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது, தலை வானத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அந்த நிலையிலும் நான் நொய்யைப் போட்டதும் "கொக் கொக்" என்று குஞ்சுகளைக் கூப்பிடுகிறது. கொத்தப் பார்க்கிறது, அலகு தரையில் வேறு எங்கோ படுகிறது, திரும்பவும் கூப்பிடுகிறது. குஞ்சுகள் வந்து தின்றன.

இது வந்த பிறகு மருந்து கிடையாது, வைரஸ். மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி எல்லாம் அரைத்துக் கொடுத்தோம், நான் குறை சொல்லவில்லை, ஆனால் நிற்கவில்லை. தடுப்பூசி ஒன்றுதான். ஏழாம் நாள் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. பிப்ரவரியில் அரசு இருவார முகாம் நடத்துகிறது, கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். புதிதாக வாங்கி வரும் கோழியை, கொடைச் சேவலாகவே இருந்தாலும், இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டிப் போடுங்கள். மாமா மனம் கோணினால் கோணட்டும்.

கடையம் தோட்டக்காரர்:
ஊசி எல்லாம் பண்ணைக்காரர்களுக்குச் சரி. மருந்து வாங்கினால் ஒரு குப்பியே 100 கோழிக்கு வருகிறது, ஐந்தாறு கோழி வைத்திருக்கிறவன் மிச்சத்தை என்ன செய்ய? எங்கள் ஊரில் அப்பா காலத்தில் எல்லாம் ஊசியே கிடையாது.

நாங்குநேரி:
அண்ணாச்சி, அந்தக் காலத்திலும் ஊரோடு கோழி செத்தது, கோடை வந்தால் காலியாகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதனால்தான் நாங்கள் தெருவோடு சேர்ந்து போடுகிறோம். ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்கில் மருந்து வருகிறது, வீட்டுக்கு வீடு போகிறோம். வருகிற ஞாயிறு எங்கள் பக்கம் போடுகிறோம், நாங்குநேரி சுற்றுவட்டாரத்தில் இருக்கிறவர்கள் வரலாம். குடற்புழு மருந்து கொடுக்காதவர்கள் இப்போதே கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலமே கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்து வையுங்கள். காலையில் திறந்துவிட்டீர்கள் என்றால் சிறுவிடையைப் பிடிக்க முடியாது, முருங்கை மரத்தில்தான் போய் உட்காரும்.