நிறுத்தி வைத்த பைக்கில் ஸ்லோ நிற்கவில்லை: கார்பரேட்டரைக் கழற்றணுமா, ஓட்டியே சரிபண்ணலாமா?

குலசேகரம்_ரப்பர்:
தம்பியோட வண்டி. 2014 மாடல், 100 சிசி, கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்தது. அவன் கல்ஃபுக்குப் போனதிலிருந்து வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் பக்கத்தில் தகரக் கொட்டகையில் கிடந்தது. இடவப்பாதி (ஜூன்) மழையும் பார்த்துவிட்டது, ஐப்பசி மழையும் பார்த்துவிட்டது. டேங்கில் பாதி பெட்ரோல் அப்படியே இருந்தது.

இப்போது சோக் போட்டுக் கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்தால் உடனே ஆஃப். ரேஸ் கொடுத்தால் நன்றாக ஓடுகிறது, இழுவையில் ஒரு குறையும் இல்லை. ஜங்ஷனில் ஆக்சிலரேட்டரிலிருந்து கையை விட்டால் இருமிக்கொண்டே நின்றுவிடும், ஸ்லோவில் (ரேஸ் கொடுக்காமல்) ஓடவே மாட்டேன் என்கிறது. மார்த்தாண்டம் நெரிசலில் இதை வைத்துக்கொண்டு என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். பக்கத்து ஒர்க்ஷாப்பில் ஐடில் ஸ்க்ரூவை (ஸ்லோ வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ) ஏற்றிவிட்டார்கள். இப்போது இன்ஜின் சூடானால் நிறுத்தி வைத்த இடத்திலேயே அலறுகிறது. "புது கார்பரேட்டர் போட்டுரலாம்" என்கிறார் அவர். போடத்தான் வேண்டுமா?

வடசேரி_பழையவண்டி:
ஒன்றும் கழற்ற வேண்டாம் தம்பி. டேங்கில் கிடக்கும் பழசை இறக்கிவிட்டுப் புது பெட்ரோல் அடி. கூடவே பெட்ரோலில் கலக்கிற கிளீனர் ஒரு பாட்டில். பேச்சிப்பாறை வரைக்கும் ஏத்தத்தில் இழுத்து ஓட்டிவிட்டு வா. இன்ஜின் சூட்டில் அழுக்கெல்லாம் தானாகப் போய்விடும். கார்பரேட்டரைத் திறந்தால் ஒரு வேலை பத்து வேலையாகும். ஸ்க்ரூவின் தலையைச் சிதைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்!

தக்கலை_டூல்பாக்ஸ்:
அண்ணாச்சி, பழைய பெட்ரோலை இறக்கணும் என்பது சரி. மற்றதை ஒத்துக்கொள்ள முடியாது.

ரேஸ் கொடுத்தால் நன்றாக ஓடுகிறது என்கிறார். அப்படியென்றால் மெயின் ஜெட் (ரேஸ் கொடுக்கும்போது பெட்ரோல் போகும் துளை) சுத்தமாக இருக்கிறது. கையை விட்டதும் ஆஃப் ஆகிறது என்றால் ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் பாதையில்தான் கோளாறு. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. பவுலில் (கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) கிடந்த பெட்ரோல் ஆவியாகிப் போனபின் மிஞ்சும் பிசின் அதில் உறைந்துவிடும். நீங்கள் பேச்சிப்பாறை ஏத்தத்தில் திருகி ஓட்டும்போது பெட்ரோல் பெரும்பாலும் மெயின் ஜெட் வழியாகத்தான் போகிறது. அடைத்துக்கிடக்கும் ஜெட் வழியாகக் கிளீனர் போகவே வழியில்லாதபோது அது எதைக் கரைக்கும்?

சோக் போட்டால் ஆஃப் ஆகாமல் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். சோக் காற்றைக் குறைக்கிறது. குறைத்தால் ஓடுகிறது என்றால், இப்போது காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. ஒன்று ஜெட் அடைப்பு, இல்லாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது. இதற்கு மூன்றாவது காரணம் அபூர்வம்.

குளச்சல்_மீன்வண்டி:
மூன்றாவது காரணம் நான் சொல்கிறேன். எங்கள் ஊரில் கடல்காற்று பட்ட வண்டிக்கு முதலில் போவது கரண்ட்தான். பிளக் கேப்பைக் கழற்றிப் பாருங்க, உள்ளே பச்சை பூத்திருக்கும். ஸ்பார்க் பலம் குறைந்தால் ஸ்லோவில்தான் முதலில் இருமும். கார்பரேட்டரைத் தொடும் முன்னால் பிளக் மாற்றுங்கள், செலவும் குறைவு.

தக்கலை_டூல்பாக்ஸ்:
பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை, அதன் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டரில் குளவி கூடு கட்டியிருக்கலாம், பவுலுக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ப்ளோட் நீடில் மூடாமல் ஒட்டியிருக்கலாம். வெளுத்து உலர்ந்திருந்தால் நான் சொன்ன கதை. ஆனால் ஸ்பார்க் கோளாறு சோக்கைப் போட்டால் இப்படி நேர்கோட்டில் சரியாகாது, அதனால்தான் அதைப் பின்னால் வைக்கிறேன். குலசேகரம் மலையோரம் வேறு, அங்கே உப்புக்காற்று எங்கே வருகிறது?

குளச்சல்_மீன்வண்டி:
மலையோரத்தில் மழை இல்லையா? பச்சை பூக்க ஈரம் போதும்.

குலசேகரம்_ரப்பர்:
பிளக் பார்த்தேன். வெளுப்பு. கேப்பில் லேசாகப் பச்சை இருந்தது, சுரண்டிவிட்டேன், வித்தியாசம் இல்லை.

இரணியல்_இருபது:
எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். காரணம் இருபது சதவீத எத்தனால் பெட்ரோல். அது வந்த பிறகுதான் பழைய வண்டிகள் எல்லாம் இந்தக் கதி. 2014 வண்டி அதற்காகச் செய்ததே இல்லை.

வடசேரி_பழையவண்டி:
இதைத்தான் நானும் நினைத்தேன். எங்கள் காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து எடுத்தாலும் ஒரு கிக்கில் ஸ்டார்ட் ஆகும்.

தக்கலை_டூல்பாக்ஸ்:
எத்தனால் ஈரத்தை இழுக்கும், உண்மை. தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பவுலில் வெள்ளைப் பொடி மாதிரி அரிப்பு வருவதும் அந்த ஈரத்தால்தான். ஆனால் எத்தனால் கலக்காத காலத்திலும் கிடப்பில் போட்ட வண்டிக்கு ஜெட் அடைத்தது. பெட்ரோலே காற்றுபட்டுப் பிசினாகும் பொருள். அரசாங்கத்தைத் திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன், ஆனால் திட்டினால் ஜெட் திறக்காது.

பத்மநாபபுரம்_ஏர்ஸ்க்ரூ:
கழற்றாமலே ஒன்று செய்து பார்க்கலாம். கார்பரேட்டரில் ஸ்லோ கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகுங்கள். பெட்ரோல் கூடும், ஸ்லோ நிற்கும்.

வடசேரி_பழையவண்டி:
உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும் தம்பி, கூடாது! நான் எத்தனை வண்டிக்குத் திருகியிருக்கிறேன்.

தக்கலை_டூல்பாக்ஸ்:
இரண்டு பேர் சொல்வதும் உண்மை, வண்டிதான் வேறு. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது, உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் கலவையை அளப்பது, உள்ளே திருகினால் குறையும். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஆளாளுக்குத் திருகுவதால்தான் பாதி வண்டிகள் கெடுகின்றன. தொடுமுன் மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திருப்புங்கள். கடைசியில் இறுக்கிவிடாதீர்கள், நுனி ஊசி வளைந்துவிடும்.

அடைத்த ஜெட்டோடு இதைத் திருகுவதும், ஒர்க்ஷாப்காரர் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றியதும் ஒரே காரியம்தான். காய்ச்சலை விட்டுவிட்டு தெர்மாமீட்டரைத் திருத்துவது மாதிரி.

கழற்றுகிற முறை: பெட்ரோல் டேப்பை அடைத்து, பவுலின் அடி ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நிற்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு பவுலைக் கழற்றி, ஸ்லோ ஜெட்டைச் சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் எடுங்கள். பித்தளை மிருதுவானது, பின்னூசி, சைக்கிள் கம்பி எதையும் விடாதீர்கள், துளை பெரிதானால் ஜெட் போச்சு. பழைய வயரில் ஒரு செம்பு இழை, கார்ப் கிளீனர் ஸ்பிரே, கம்ப்ரஸர் காற்று போதும். வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரியணும். ஜெட்டை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்தாதீர்கள், பாடிக்குள் போகும் சின்னப் பாதைகளிலும் காற்று அடியுங்கள். வீட்டுக்குள்ளே, விளக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

குலசேகரம்_ரப்பர்:
செய்துவிட்டேன். பவுலில் வெள்ளைப் பொடி, பாட்டிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர். ஜெட்டில் வெளிச்சமே தெரியவில்லை, செம்பு இழை விட்டு ஸ்பிரே அடித்ததும் திறந்தது. ஏற்றி வைத்த ஐடில் ஸ்க்ரூவை இறக்கிவிட்டேன். இப்போது சோக் இல்லாமலே ஸ்லோவில் ஓடுகிறது. ஆனால் சூடான பிறகு கையை விட்டால் ரேஸ் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் மேலேயே நின்றுவிட்டு அப்புறம் இறங்குகிறது.

வடசேரி_பழையவண்டி:
பார்த்தாயா, கழற்றினால் வேறு ஒன்று கிளம்பும் என்று அப்போதே சொன்னேன்.

தக்கலை_டூல்பாக்ஸ்:
கிளம்பவில்லை அண்ணாச்சி, முன்பே இருந்தது, அடைப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ரேஸ் இப்படி இறங்காமல் தொங்கினால் அநேகமாகக் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். முதலில் ஆக்சிலரேட்டர் கேபிளில் பிளே (தளர்வு) இருக்கிறதா பாருங்கள். சரியென்றால், கார்பரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தில் நடுவே இருக்கும் இன்சுலேட்டர் துண்டைச் சுற்றி, ஓடும்போது தண்ணீர் ஸ்பிரே லேசாக அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே ஓ-ரிங் (காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. கிளீனர் ஸ்பிரேயை அங்கே அடிக்காதீர்கள், சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும்.

குலசேகரம்_ரப்பர்:
தண்ணீர் அடித்ததும் சத்தம் மாறியது. ஓ-ரிங் காய்ந்து தட்டையாகக் கிடந்தது. புதிது போட்டேன், இப்போது கையை விட்டதும் இறங்குகிறது. புது கார்பரேட்டர் வாங்கவில்லை. தம்பி லீவுக்கு வந்தாலும் திரும்பப் போவான். அடுத்த தடவை நிறுத்தி வைக்கும்போது என்ன செய்ய?

இரணியல்_இருபது:
டேங்கை முழுக்க நிரப்பி வை. காற்றுக்கு இடமில்லாவிட்டால் துருவும் இல்லை.

தக்கலை_டூல்பாக்ஸ்:
டேங்குக்கு அது சரி, கார்பரேட்டருக்கு அல்ல. டேப்பை அடைத்துவிட்டு, நின்றுபோகும்வரை ஓடவிட்டு, பவுலில் மிஞ்சியதை அடி ஸ்க்ரூ வழியாக வடித்துவிடுங்கள்.

வடசேரி_பழையவண்டி:
வாரம் ஒருமுறை ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைத்தால் போதாதா?

தக்கலை_டூல்பாக்ஸ்:
ரெண்டு நிமிஷத்தில் சைலன்சர் சூடாகாது, உள்ளே நீர்த்துளிதான் சேரும். நன்றாகச் சூடாகும் வரை ஓட்டினால்தான் பலன்.

குலசேகரம்_ரப்பர்:
அப்பாவிடம் கேட்டேன். இனி ரப்பர் பால் வெட்டுக்கு இதிலேயே போகிறேன் என்கிறார். தம்பிதான் வேண்டாம் என்று போனில் சண்டை போடுகிறான்.