வாய் மட்டும் தெரிந்த நாடகம்

ஓராள் நாடகத்தை டிவியில் பார்த்த அனுபவத்தை வாசகர்களிடம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஐரிஷ் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் ‘நாட் ஐ’ (‘நான் அல்ல’). பில்லி வைட்லா நடித்தது. பிபிசி 1975இல் படமெடுத்து 1977இல் ஒளிபரப்பியது. கால் மணி நேரம்கூட வராது.

ராத்திரி 11 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு போனில் போட்டேன். திரை முழுக்க ஒரு வாய். சரி, கொஞ்ச நேரத்தில் முகத்தைக் காட்டுவார்கள் என்று காத்திருந்தேன். காட்டவே இல்லை. உதடு, பல், நாக்கு, எச்சில், அவ்வளவுதான். பேச்சு வந்த வேகத்தில் பாதிகூடப் புரியவில்லை. ஒரு கட்டத்தில் அது வாய் என்பதே மறந்து, கிணற்றுக்குள் கிடக்கும் ஏதோ பிராணி மாதிரித் தெரிந்தது. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் நாடகப் பிரதியை வைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தேன். எழுபதை நெருங்கும் ஒருத்தி. ஆயுசெல்லாம் பேச்சே இல்லாதவள். கடைக்குப் போனால் சாமான் பட்டியலையும் பழைய கறுப்புப் பையையும் நீட்டிவிட்டு, கூட்டத்துக்கு நடுவே வாயைப் பாதி திறந்தபடி நிற்பாள். பை கைக்கு வந்ததும் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்குத்தான் திடீரென்று பேச்சு பொங்குகிறது. அப்போதும் ‘நான்’ என்று சொல்ல மாட்டாள், கடைசிவரை ‘அவள்’தான். எங்கள் அப்பத்தா ரேஷன் கடையில் கார்டை நீட்டிவிட்டு அப்படித்தான் நிற்பார்.

மேடையில் இது வேறு மாதிரி. இருட்டில் 8 அடி உயரத்தில் சின்னதாக அந்த வாய். ஓரமாக, அங்கி போர்த்திய ஓர் உருவம் பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்கும். அவ்வப்போது இரண்டு கையையும் தூக்கி இறக்கும். டிவியில் அந்த உருவத்தை எடுத்துவிட்டார்கள். கேட்க ஆள் நான் மட்டும்தான். போனைத் தள்ளிப் பிடித்தது அதனால்தானோ என்னவோ.

*

என் பங்குக்கு: நான் பார்த்தது 1967இல் அமெரிக்காவின் சிபிஎஸ் டிவி ஒளிபரப்பிய ‘மார்க் ட்வைன் டுநைட்’. நடிகர் ஹால் ஹோல்புரூக்குக்கு அப்போது 42 வயது. வெள்ளைக் கோட்டும் சுருட்டுமாக எழுபது வயது எழுத்தாளர் ட்வைனாக வருகிறார். வேஷம் போட மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். மேடை என்றால் பத்தாவது வரிசையை ஏமாற்றினால் போதும், டிவி குளோசப்புக்கு அது போதாதே! கழுத்துப் பக்கம் ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டே பார்த்தேன். ரெண்டு ஜோக் போனதும் தேடுவதை விட்டுவிட்டேன்.

*

முதலில் வாய் கதை எழுதிய வாசகருக்கு ஒரு கும்பிடு. எங்கள் குழுவின் ஓராள் நாடகத்தை ஒரு உள்ளூர் கேபிள் சேனலுக்காக எடுத்தார்கள். அப்பா வேஷம். வாசல் பக்கம் திரும்பி, இல்லாத மகனோடு பேசும் இடம்தான் நாடகத்துக்கே உயிர். மேடையில் போடும்போது ஜனங்களும் கூடவே திரும்பி வாசலைப் பார்ப்பார்கள். எடிட்டர் என்ன செய்தார் தெரியுமா? நடிகர் திரும்பியதும் அந்தப் பக்கத்துக்கு ஒரு கட் கொடுத்துவிட்டார். காலிச் சுவர், ஒரு சுவிட்ச் போர்டு. முழுசாக நாலு நொடி.