வாழும் ஒருவர் "என் கட்டுரையை நீக்குங்கள்" என்று கேட்டால் விக்கியில் என்ன செய்வது?

கயல்_மதுரை:

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத்துப்பிழை திருத்துவதும் பகுப்பு சேர்ப்பதும்தான் என் வேலை. நீக்கல் விவகாரத்தில் பழக்கமில்லை, அதனால் கேட்கிறேன்.

என் கவனிப்புப் பட்டியலில் ஒரு கட்டுரை இருக்கிறது. 1980களில் மேடை நாடகங்களிலும் சில படங்களில் சின்ன வேடங்களிலும் நடித்த ஓர் அம்மாவைப் பற்றியது. அதன் உரையாடல் பக்கத்தில், புகுபதிகை செய்யாத ஒருவர் எழுதியிருக்கிறார்: "நான் அவருடைய மகள். அம்மா நடிப்பை விட்டுப் பல வருடம் ஆகிறது. தையல் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் போனில் அவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு முதல் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தயவுசெய்து இந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்."

யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் அதே ஐபி முகவரியிலிருந்து கட்டுரை முழுவதும் அழிக்கப்பட்டது. ஒரு பயனர் உடனே மீட்டெடுத்து, "நாசவேலை" என்று எச்சரிக்கை போட்டுவிட்டார்.

கட்டுரைக்கு இரண்டே மேற்கோள்கள். ஒன்று பழைய வார இதழ் பேட்டி, இன்னொன்று ஒரு சினிமா வலைப்பதிவு. முழுப் பிறந்த தேதி, முதல் திருமணம், இப்போது வசிக்கும் ஊர் மூன்றும் வலைப்பதிவிலிருந்து வந்தவை. எழுதியவர் உண்மையிலேயே மகள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்படியே இருந்தாலும், கேட்டார் என்பதற்காக நீக்கலாமா?

பாரி_1974:

நீக்கக் கூடாது என்பது என் கருத்து. இன்று இவருக்காக நீக்கினால் நாளை ஒரு எம்.எல்.ஏ. தன் மீதான வழக்கை எடுக்கச் சொல்வார், நாளை மறுநாள் ஒரு தொழிலதிபர் வருவார். யாருக்கு ஆம், யாருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. நம் நாடக மேடையில் உழைத்த பெண்களைப் பற்றி எழுத்தில் இருப்பதே கொஞ்சம். சபா நோட்டீஸிலும் பழைய இதழ்களின் ஓரத்திலும் கிடப்பதைப் பொறுக்கித்தான் இந்த மாதிரிக் கட்டுரைகள் உருவாகின்றன. அதையும் நாமே அழித்தால் அந்த மேடைக்கு ஆண்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

தாழை:

கயல், முதல் வேலையாக அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டு, வார்ப்புரு (முன்பே எழுதிவைத்த தயார் வாசகம்) எதுவும் போடாமல் சொந்தக் கையால் அந்தப் பெண்ணுக்கு நாலு வரி எழுதுங்கள். தன்னைப் பற்றிய பக்கத்தைக் கண்டு பதறி ஒருவர் அழிப்பதை நாசவேலையாகப் பார்க்கக் கூடாது. வாழும் மனிதர்கள் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாவின் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது. அவருக்கு நம் வழிமுறை தெரியாது. கேட்டார், பதில் வரவில்லை, அழித்தார். வேறு என்ன செய்வார்?

மகள்தானா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இன்று செய்ய வேண்டியதற்கு அது தேவையே இல்லை. வாழும் ஒருவரின் திருமணத்தைப் பற்றி ஒரு வலைப்பதிவை நம்பி எழுதியது தவறு. யார் கேட்டாலும், யாருமே கேட்காவிட்டாலும் அது போக வேண்டும். ஊர்ப் பெயரும் போகட்டும். பிறந்த தேதியைச் சம்பந்தப்பட்டவர் விரும்பாவிட்டால் ஆண்டு மட்டும் போதும். இதற்கு நிர்வாகி அனுமதி வேண்டாம், நீங்களே செய்யலாம்.

ஆனால் நீக்கிய வரிகள் 'வரலாறு' பக்கத்தில் அப்படியே இருக்கும். அந்தப் பழைய திருத்தங்களை மறைக்க நிர்வாகி வேண்டும். எல்லோரும் பார்க்கும் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் "இதை மறையுங்கள்" என்று இணைப்போடு எழுதாதீர்கள், அது பத்துப் பேரை அங்கே அழைத்துப் போகும். மின்னஞ்சலில் கேளுங்கள். நிர்வாகிகளும் பார்க்க முடியாதபடி மறைக்க வேண்டியவை உண்டு. உள்ளூரில் அந்த உரிமை உள்ளவர்கள் இல்லாத விக்கிகளுக்கு ஸ்டூவர்டுகள் (எல்லா விக்கிகளுக்கும் பொதுவான உயர்நிலை நிர்வாகிகள்) அதைச் செய்து தருவார்கள்.

இனி, நீக்குவதா என்ற கேள்வி. பாரி, உங்கள் எம்.எல்.ஏ. கவலைக்குப் பதில் இருக்கிறது. ஆங்கில விக்கியின் விதி இது: அதிகம் அறியப்படாத, பொதுவாழ்வில் இல்லாத ஒருவர் நீக்கக் கேட்டு, விவாதத்திலும் தெளிவான முடிவு வராவிட்டால், நீக்கல் பக்கம் சாய்ந்து முடிக்கலாம். வேண்டுகோள் கட்டளை ஆகாது. ஆனால் புகழ் குறையக் குறைய அதன் எடை கூடும். எம்.எல்.ஏ. கேட்டால் அதற்கு எடையே இல்லை.

2005இல் நடந்ததைப் பாருங்கள். ஜான் சீகன்தாலர் அமெரிக்காவின் மூத்த பத்திரிகையாளர், அதிபர் ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்கே தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக யாரோ விக்கியில் பொய் எழுதினார். நாலு மாதத்துக்கு மேல் அது அப்படியே இருந்தது. அவர் பொதுமனிதர், அதனால் கட்டுரை நின்றது, பொய் போனது. வாழும் மனிதர்களுக்கான தனிக் கொள்கை அந்தக் காயத்திலிருந்து வந்ததுதான்.

அந்தப் பொய் எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது என்று துருவிக் கண்டுபிடித்தவர் டேனியல் பிராண்ட். அவரைப் பற்றியும் ஒரு கட்டுரை இருந்தது, தனக்கு அது வேண்டாம் என்று அவரே போராடினார். நீக்கல் விவாதம் 14 முறை நடந்து, 2007 ஜூனில்தான் தனிக் கட்டுரை முடிவுக்கு வந்தது. தேவையான தகவல்கள் வேறு கட்டுரைகளுக்குள் போயின. முதல் விவாதத்திலேயே யாராவது அந்த வழியைப் பிடித்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

"அது ஆங்கில விக்கி, நமக்கு என்ன" என்று சொல்ல முடியாது. 2009 ஏப்ரலில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழு எல்லா மொழி விக்கிகளையும் கேட்டுக்கொண்டது: வாழும் மனிதர்களைப் பற்றி எழுதும்போது கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மதியுங்கள், புகார் சொல்கிறவர்களைப் பொறுமையோடு நடத்துங்கள் என்று. சின்ன விக்கிகளில் இது கூடுதல் முக்கியம். தமிழில் ஒரு பெயரைத் தேடினால் பல நேரம் முதலில் வருவது நம் பக்கம்தான்.

கடைசியாக, மகள் கேட்கிறார், சரி. அம்மா என்ன சொல்கிறார்? வேண்டாம் என்பது யாருடைய விருப்பம் என்று மென்மையாகக் கேளுங்கள். உரையாடல் பக்கத்தில் கேட்காதீர்கள், விக்கிமீடியாவின் தன்னார்வ மறுமொழிக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். ரகசியம் காக்க ஒப்பந்தம் செய்தவர்கள் அங்கே பார்ப்பார்கள். இப்படி வருகிறவர்களில் பலர் "முழுக்க எடுங்கள்" என்று தொடங்கினாலும், உண்மையில் உறுத்துவது ஒரே ஒரு வரியாக இருக்கும்.

நிலவன்:

தாழை அக்கா சொன்னதோடு ஒன்று. கட்டுரையை நீக்கினாலும் விக்கிகளுக்குப் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவில் அவர் பெயருக்கான உருப்படி தனியாக இருக்கும். பிறந்த தேதி அங்கேயும் இருக்கும், பாருங்கள். விக்கிகளின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் படம் இருந்தால் அதற்குத் தனி வேண்டுகோள். நம் உள்ளடக்கத்தை நகலெடுத்துப் போடும் தளங்கள் நம் கையில் இல்லை. கூகுள் தேடலில் பழைய வரிகள் தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் வசதி கூகுளிலேயே இருக்கிறது. இதையெல்லாம் மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாம் மறைந்துவிடும் என்று நம்பிவிட்டு ஏமாறக் கூடாது.

பாரி அண்ணா, சட்டமே கோடு போட்ட இடங்களும் உண்டு. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனை வழக்கில் கொல்லப்பட்ட மருத்துவரின் பெயரையும் படத்தையும் எடுக்கச் சொல்லி 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விக்கிப்பீடியாவுக்கு உத்தரவிட்டது. இது அந்த வகை இல்லை. இங்கே நாம்தான் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

பாரி_1974:

திருமணம், ஊர் இரண்டும் போக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அவர் எந்தக் குழுவில், எந்த நாடகங்களில் நடித்தார் என்பது மட்டும் அழியக் கூடாது. கட்டுரை போனாலும் அந்தத் தகவலை நாடகக் குழுவின் கட்டுரையில் சேர்க்கலாமா? வார இதழ் பேட்டி எந்த இதழ் என்று சொன்னால் நூலகத்தில் தேடிப் பார்க்கிறேன்.

கயல்_மதுரை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வரிகளையும் எடுத்துவிட்டேன். விக்கித்தரவிலும் முழுத் தேதி இருந்தது, அதையும் ஆண்டாக மாற்றியாயிற்று. ஒரு நிர்வாகி பழைய திருத்தங்களை மறைத்தார். எச்சரிக்கை போட்ட பயனரே அதை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்தார்.

மகளிடமிருந்து பதில் வந்தது. அம்மாவிடம் பேசினாராம். நாடகங்களின் பெயர்கள் இருப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, தன் பெயரில் தனிப் பக்கம் மட்டும் வேண்டாம் என்கிறாராம். மறுமொழிக் குழுவுக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். பாரி அண்ணா, இதழ் விவரத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

தாழை:

அப்படியானால் விருப்பம் தெளிவு. மறுமொழிக் குழு உறுதிசெய்த பிறகு நீக்கல் விவாதத்தைத் தொடங்குங்கள். ஆங்கில விக்கியில் ஏழு நாள் தருகிறார்கள், நாமும் அவ்வளவு தரலாம். காரணம் எழுதும்போது "வாழும் நபரின் வேண்டுகோள், தனிக் கட்டுரைக்குப் போதிய மேற்கோள் இல்லை" என்பதோடு நிறுத்துங்கள். திருமணம், தையல் கடை எதையும் அங்கே சொல்ல வேண்டாம், விவாதப் பக்கமும் தேடலில் வரும். அதனால் தேடுபொறிகள் அட்டவணைப்படுத்தாமல் இருப்பதற்கான குறியீட்டை மேலே போட்டுவிடுங்கள்.

பாரி, குழுவின் கட்டுரையில் பேட்டியை வைத்து நடிகர் பட்டியலை நீங்களே சேருங்கள். அவர் பெயரைத் தேடினால் தானாக அங்கே கொண்டுபோகும் வழிமாற்று மட்டும் வேண்டாம். விவாதத்தில் நான் கருத்துச் சொல்வேன், அதனால் முடித்துவைப்பது வேறொரு நிர்வாகியாக இருக்கட்டும்.