ஆழத்துக்குப் பூட்டுப் போட்டேன், அகலத்தில் வந்து அடித்தது

கிராஃப்க்யூஎல் ஏபிஐ (எந்தெந்தத் தகவல் வேண்டும் என்று கேட்பவரே ஒரே குவெரியில் அடுக்கடுக்காக எழுதிக் கேட்கும் முறை) நடத்துகிறவர்கள், குவெரி லிமிட் (ஒரு குவெரி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு) விஷயத்தில் எங்கே அடிபட்டீர்கள் என்று எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிளம்புகிற நேரத்தில் டேட்டாபேஸ் சிபியு 100 சதவீதத்தில் போய் நின்றுவிட்டது. யாரோ தாக்குகிறார்கள் என்றுதான் நினைத்தோம். லாக்கைத் தோண்டினால் ஐபி எங்கள் ஆபீஸுடையது. பக்கத்து வரிசையில் ஒரு பையன் ரிப்போர்ட் ஸ்கிரீன் செய்துகொண்டிருந்தான், டெஸ்ட் சர்வரில் போதுமான டேட்டா இல்லை என்று லைவ் சர்வரையே அழைத்திருக்கிறான் (அது தனிப் பஞ்சாயத்து). எங்கள் ஸ்கீமாவில் (எதற்குள் எதைக் கேட்கலாம் என்ற வரைபடம்) ஆர்டருக்குள் வாடிக்கையாளர், வாடிக்கையாளருக்குள் அவருடைய ஆர்டர்கள், அதற்குள் மறுபடி வாடிக்கையாளர் என்று செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே போகலாம், தடுக்க ஆளில்லை.

திங்கட்கிழமை ஆழ வரம்பு 7 என்று வைத்தேன். வேலை எளிது: குவெரியை ஓட்டுவதற்கு முன்பே, வேலிடேஷன் (சரிபார்ப்பு) கட்டத்தில், எத்தனை அடுக்கு என்று எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும், டேட்டாபேஸுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அன்று மதியமே டெஸ்டிங் அக்கா வந்து டாக்குமெண்டேஷன் பக்கம் காலியாக இருக்கிறது என்றார். அந்தப் பக்கத்தை நிரப்ப ஸ்கீமாவை விசாரிக்கும் இன்ட்ரோஸ்பெக்‌ஷன் குவெரியே ஏழைத் தாண்டி உள்ளே போகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். சரி, முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

இரண்டு வாரத்தில் மறுபடி அதே சிவப்புக் கோடு. இந்த முறை குவெரியின் ஆழம் வெறும் 3. ஆர்டர் 100, ஒவ்வொன்றிலும் பொருள் 50, ஒவ்வொரு பொருளுக்கும் விமர்சனம் 50. பெருக்கிப் பாருங்கள், விமர்சனம் மட்டும் 2,50,000. டேட்டாலோடர் (தனித்தனித் தேடல்களைச் சேர்த்து ஒரே தடவையில் கேட்கும் கருவி) போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டிருந்தோம். அது டேட்டாபேஸைத் தட்டும் தடவையைக் குறைக்கும், வந்து கொட்டும் வரிசைகளை எங்கே குறைக்கும்?

அதற்கப்புறம்தான் செலவுக் கணக்குக்கு வந்தேன். பட்டியல் என்றால் எத்தனை வேண்டும் என்று எண் கொடுத்தே ஆகவேண்டும், உச்சம் 100. அந்த எண்களை அடுக்கடுக்காகப் பெருக்கி மொத்தம் வரம்பைத் தாண்டினால் எரர். வரம்பு எவ்வளவு என்பதில்தான் குழப்பம். முதல் இரண்டு வாரம் யாரையும் தடுக்காமல் கணக்கை மட்டும் லாக்கில் எழுதவிட்டு, எங்கள் ஆப்பின் மிகக் கனமான ஸ்கிரீன் எவ்வளவு கேட்கிறது என்று பார்த்து, அதைப்போல் இரண்டு மடங்கை வரம்பாக வைத்தேன். குத்துமதிப்புதான், ஆனால் நிற்கிறது.

மறுமொழி 1

அண்ணே, உங்களுடையது உள்வீட்டுச் சண்டை. எங்களுக்கு வந்தது நிஜமாகவே வெளியாள். நிமிடத்துக்கு 60 ரிக்வெஸ்ட் என்று வரம்பு வைத்துவிட்டு மார்தட்டிக்கொண்டிருந்தோம். அந்த ஆள் ஒரே ரிக்வெஸ்டுக்குள் ஓடிபி சரிபார்க்கும் மியூட்டேஷனை (சர்வரை ஒரு செயல் செய்யச் சொல்லும் கட்டளை) வேறு வேறு அலியாஸில் (நாமே வைக்கும் மாற்றுப்பெயர்) ஆயிரம் தடவை எழுதி அனுப்பியிருக்கிறான். எங்கள் ஓடிபி நாலு இலக்கம், மொத்தமே 10,000 வாய்ப்பு, பத்து ரிக்வெஸ்டில் கதை முடிந்தது. ஆழம் என்று பார்த்தால் ஒன்றோ இரண்டோ. இப்போது அலியாஸ் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு, குவெரிகளைக் கட்டாகச் சேர்த்து அனுப்பும் பேட்ச் வசதியை மூடிவிட்டோம், ஓடிபி தவறினால் அந்த போன் எண்ணையே கொஞ்ச நேரம் பூட்டுகிறோம். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் செய்திருக்கவேண்டும்.

மறுமொழி 2

நான் எதிர்ப்பக்கம், அடுத்தவர் ஏபிஐயைக் கூப்பிட்டுப் பிழைப்பவன். கிட்ஹப் (புரோகிராம் கோடு வைக்கும் தளம்) இதை எப்படி எண்ணுகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து படித்ததில் நிறையத் தெளிந்தது. 100 ரெப்போ (கோடு தொகுப்பு), ஒவ்வொன்றிலும் 50 இஷ்யூ (புகார்ச் சீட்டு), ஒவ்வொரு இஷ்யூவுக்கும் 60 லேபிள் கேட்டால், உள்ளே எத்தனை தடவை தேடவேண்டும் என்று எண்ணுகிறார்கள்: ரெப்போ பட்டியலுக்கு 1, இஷ்யூக்களுக்கு 100, லேபிள்களுக்கு 5,000, ஆக 5,101. அதை நூறால் வகுத்து 51 புள்ளி. சாதாரணப் பயனருக்கு மணிக்கு 5,000 புள்ளி. இதுபோக ஒரே அழைப்பில் 5,00,000 நோடுக்கு (தனித்தனி உருப்படி) மேல் கேட்கவே முடியாது. ஷாப்பிஃபையில் (ஆன்லைன் கடை நடத்த உதவும் தளம்) எனக்குப் பிடித்தது, கேட்ட செலவையும் உண்மையில் ஆன செலவையும் பதிலோடேயே அனுப்பிவிடுவது, மிச்சத்தைத் திருப்பித் தந்தும்விடுகிறார்கள். நீங்கள் வரம்பு வைக்கிறீர்கள், நல்லது. ஆனால் "குவெரி மிகப் பெரியது" என்று மொட்டையாக எரர் அனுப்பாதீர்கள். எவ்வளவு ஆனது, வரம்பு எவ்வளவு என்று இரண்டு எண்ணைப் போட்டால் நாங்களே குறைத்துக்கொள்வோம்.

மறுமொழி 3

சொந்த ஆப் மட்டும்தான் கூப்பிடுகிறது என்றால் இவ்வளவு கணக்கே வேண்டாமே? அனுமதித்த குவெரிகளை முன்கூட்டியே பதிந்துவைத்து, ஆப் அதன் அடையாள எண்ணை மட்டும் அனுப்பும்படி செய்துவிட்டோம், பட்டியலில் இல்லாதது ஓடாது. ஒரே தலைவலி, போனை அப்டேட் செய்யாத ஆசாமிகள். ஒரு பழைய குவெரியை நீக்கிவிட்டு இரண்டு நாள் திட்டு வாங்கினேன்.

கேள்வி கேட்டவர்

மறுமொழி 2-க்கு: நம் எரர் மொட்டைதான், ஒப்புக்கொள்கிறேன், இந்த வாரமே இரண்டு எண்ணையும் போடச் சொல்லியிருக்கிறேன். மறுமொழி 3-க்கு: எங்களுக்கு வெளி பார்ட்னர்கள் இருக்கிறார்கள், அதனால் கணக்கு போட்டே ஆகவேண்டும். சொல்ல மறந்த ஒன்று. கேட்வேயில் (சர்வருக்கு முன்னால் நிற்கும் வாசல்) 30 நொடி டைம்அவுட் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். அது பயனருக்கு எரர் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது, பின்னால் போஸ்ட்கிரெஸ் (எங்கள் டேட்டாபேஸ்) பாவம் அதே குவெரியை அரைத்துக்கொண்டே இருந்தது, பயனர் ரெஃப்ரெஷ் பண்ணப் பண்ண இன்னொன்று, இன்னொன்று. டேட்டாபேஸிலேயே ஸ்டேட்மெண்ட் டைம்அவுட் (ஒரு குவெரி இவ்வளவு நேரம்தான் ஓடலாம் என்ற கெடு) வைத்த பிறகுதான் வெள்ளிக்கிழமை நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறேன்.