சீசர் தகேஷி: கிக்பாக்சிங்கில் எறிதலையும் பிடியையும் ஏன் சேர்த்தார்?

வலதுகை_நேர்குத்து:
கே-1 மேக்ஸ் (ஜப்பானின் கிக்பாக்சிங் தொடர்) பழைய சண்டைகளைப் பார்க்கும்போது டச்சு வீரர் ஆண்டி சவர் பெயரோடு ‘ஷூட் பாக்சிங்’ என்று அடிக்கடி வருகிறது. அதைத் தொடங்கியவர் சீசர் தகேஷி என்பது வரை தெரியும். இதுவும் சடோரு சயாமாவின் ஷூட்டோவும் ஒன்றா? ஒரு கிக்பாக்சர் எதற்காகத் தனி விளையாட்டே தொடங்கினார்? இன்னொன்று: கையுறை போட்டுக்கொண்டு எப்படித் தூக்கி எறிகிறார்கள், கழுத்தைப் பிடிக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.

கொரகுவென்_ரசிகன்:
இரண்டும் வேறு வேறு. சயாமா மல்யுத்த மேடையிலிருந்து வந்தவர், ‘டைகர் மாஸ்க்’ என்ற முகமூடி வேடத்தை முதலில் போட்டவர். அவருடைய ஷூட்டோவில் சண்டை தரையிலும் தொடரும். ஷூட் பாக்சிங்கில் தரைச் சண்டையே கிடையாது. கீழே விழுந்தால் நடுவர் பிரித்து எழுப்பிவிடுவார்.

சீசர் 1955இல் யமகுச்சி மாகாணத்தில் பிறந்தவர். 1970களில் கிக்பாக்சிங் மேடையேறினார். ஜப்பானில் ஒசாமு நொகுச்சி 1966இல் தொடங்கிவைத்த கிக்பாக்சிங், வீரர் தடாஷி சவாமுராவின் புகழால் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் ஓடிய காலம் அது. சவாமுரா ஓய்வு பெற்று, தொலைக்காட்சி ஒளிபரப்பும் நின்றபோது ஆட்டமே ஆட்டம் கண்டுவிட்டது. 1980களின் தொடக்கத்தில் சங்கங்கள் உடைவதும் சேர்வதுமாக இருந்தன. நல்ல வீரர்கள் இருந்தும் பார்க்க ஆள் குறைவு.

அந்த நேரத்தில்தான் யூ.டபிள்யூ.எஃப். வந்தது. 1984இல் தொடங்கிய இந்த மல்யுத்த அமைப்பு நிஜ அடி, நிஜப் பிடி போலவே ஆட்டத்தைக் காட்ட விரும்பியது. அகிரா மயேடா போன்ற அதன் வீரர்களுக்கு உதை சொல்லிக்கொடுத்தவர் சீசர். அவர்கள் பக்கத்திலிருந்த எறிதலும் கிடுக்கிப்பிடியும் இவர் கண்ணில் பட்டன. 1985இல் ஷூட் பாக்சிங் பிறந்தது. தொடங்கியவரே மேடையேறிச் சண்டையும் போட்டார் என்பதுதான் எனக்கு இதில் மிகப் பெரிய விஷயம். விதியை எழுதியவர் அந்த விதிக்குள் அடிவாங்கவும் தயாராக இருந்தார்.

இடுப்புவீச்சு:
வரலாறு மேலே வந்துவிட்டது, நான் செய்முறைக்கு வருகிறேன்.

குத்து, உதை, முட்டி எல்லாம் உண்டு. அதோடு எறிதல், நின்றபடியே போடும் கழுத்து நெரிப்பு, கைப் பூட்டு. சுத்தமாக எறிந்தால் ‘ஷூட்’ புள்ளி. பிடி விழுந்து முடியும் நிலைக்கு வந்தால் ‘கேட்ச்’ புள்ளி. எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டால் சண்டையே முடிந்தது. இருவரும் கால் தடுக்கி உருண்டால் அது எறிதல் ஆகாது.

கையுறைக்குள் விரல்கள் அடைபட்டிருப்பதால் ஜூடோ மாதிரி பற்றி இழுக்க வழியில்லை. முழங்கை மடிப்பும் மணிக்கட்டும்தான் கொக்கி. ஒரு கையை அக்குளுக்கு அடியில் நுழைத்து, மற்றதால் எதிராளியின் மேற்கையை விலாவோடு அணைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இடுப்பை அவர் இடுப்புக்குக் கீழே நுழைத்துத் திரும்ப வேண்டும். புதியவர்கள் கையால் தூக்கப் பார்ப்பார்கள். எறிதல் விழாது, முன்னங்கைதான் கனத்துப்போகும். அடுத்த ரவுண்டில் குத்து மெதுவாகி, கை தாடைக்குத் திரும்பாமல் தொங்கும்.

எறிய நல்ல நேரம், கிளிஞ்சில் (கட்டிப்பிடித்து நிற்கும்போது) எதிராளி முட்டியடிக்கக் கால் தூக்கும் கணம். ஒற்றைக்காலில் நிற்பவரைத் திருப்பப் பலம் அதிகம் வேண்டாம். அதனால்தான் முவே தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) பழகியவர்கள் இங்கே முதலில் திணறுகிறார்கள். நிமிர்ந்து நின்று, கழுத்தைப் பிடித்து முட்டியடித்தே பழகிய உடம்பு. எறிதலுக்குப் பயந்து மிகவும் குனிந்தால் இன்னொரு ஆபத்து: தலை முன்னால் வந்துவிடும், முன்பக்கக் கழுத்துப் பிடி மாட்டிக்கொள்ளும். நேர்குத்து விட்டபின் தலையை அவர் மார்புக்கு நேராக விட்டுவைப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குவது.

அந்தப் பிடியில் கையுறையின் தடிமன் இடைஞ்சல். முஷ்டி தாடைக்கு அடியில் நுழையாது. மணிக்கட்டு எலும்புக்கு மேலே உள்ள முன்னங்கையைத்தான் தொண்டையில் வைத்து, முழங்கையை உயர்த்தி, மார்பை முன்னே தள்ள வேண்டும். வெறுமனே கழுத்தை இறுக்கிக்கொண்டு நின்றால் விலாவில் குத்து வாங்குவதுதான் மிச்சம்.

விழப் பழகாமல் யாரும் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) போகாதீர்கள். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். தாடையை மார்போடு சேர்த்து, முதுகை வளைத்து, முழுக்கையாலும் தரையை அடித்து விழ வேண்டும். முதலில் மெத்தையில் பழகுங்கள். குத்துமேடைத் தரை அதைவிடக் கடினம்.

வலதுகை_நேர்குத்து:
அருமை, நன்றி. அப்படியானால் இது சீனாவின் சாண்டா என்ற சண்டை விளையாட்டு மாதிரிதானே?

இடுப்புவீச்சு:
எறிதல் வரைக்கும் உறவு உண்டு. சாண்டாவில் உதையைப் பிடித்துக் காலை வாரிவிடுவது அன்றாட ஆயுதம், ஆனால் நின்றபடி கழுத்துப் பிடியோ கைப் பூட்டோ கிடையாது. ஷூட் பாக்சிங்கில் அந்தப் பயம் எப்போதும் இருப்பதால் கட்டிப்பிடித்து ஓய்வெடுக்க முடியாது.

கொரகுவென்_ரசிகன்:
பார்க்கத் தொடங்குவதற்கு ஷூட் பாக்சிங்கின் எஸ்-கப் போட்டிகளை எடுங்கள். 1995இல் தொடங்கிய தொடர் இது. சவர் 2002, 2004, 2008, 2012 என நான்கு முறை வென்றார். அடி வாங்காமல் கிட்டே போவது எப்படி என்பதை அவரிடம்தான் பார்க்க வேண்டும். 2010 எஸ்-கப்பில் தாய்லாந்து வீரர் புவாகாவ் ஒரே இரவில் மூன்று பேரை வென்று, இறுதியில் எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர் டோபி இமாடாவைக் குத்தாலேயே நிறுத்தினார். முவே தாய்க்காரர் இந்த விதியில் ஜெயிக்க என்ன மாற்றிக்கொள்கிறார் என்று கவனித்துப் பாருங்கள்.

பெண்கள் பிரிவில் ரேனாவைத் தவறவிடாதீர்கள். 2015 டிசம்பர் 31இல் ரிசின் என்ற ஜப்பானிய எம்.எம்.ஏ. மேடையில் அவர் பாய்ந்து போட்ட கைப்பூட்டு, சீசர் கட்டிய பள்ளியிலிருந்து வந்தது.