ஆக்ஸ்போர்டில் தோழியைப் பார்க்க ஒருநாள் பயணம்: திரும்பும் டிக்கெட்டில் சிக்கல்

மழைத்துளி:
எல்லோருக்கும் வணக்கம். அலுவலக வேலையாக 2 வாரம் லண்டன் வந்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை ஆக்ஸ்போர்டு போய் என் பள்ளித் தோழியைப் பார்க்க வேண்டும். நேரில் பார்த்து 9 வருடம் ஆகிறது. அவள் அங்கே ஹெடிங்டனில் தங்கி நர்ஸ் வேலை பார்க்கிறாள்.

லண்டன் மேரிலெபோன் ஸ்டேஷனிலிருந்து போக காலை ரயில், திரும்ப மாலை 5 மணி ரயில், இரண்டுக்கும் அட்வான்ஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன். நேற்றுதான் அவளுக்கு வெள்ளி இரவு டியூட்டி விழுந்தது. தூங்கி எழுந்து 3 மணிக்குத்தான் வர முடியுமாம். 9 வருடத்துக்கு 2 மணி நேரம்கூட இல்லையே என்று மனசு கேட்கவில்லை. இதே டிக்கெட்டில் 8 மணி ரயிலில் ஏறலாமா? லண்டனில் இன்னொரு ஸ்டேஷனான பாடிங்டன் போகும் ரயில் வேகம் என்கிறாள், அதில் செல்லுமா? 11 மணிக்கே போய் இறங்கிவிடுவேன், 3 மணி வரை தனியாக என்ன செய்வது? தனியாக வெளியூர் போவது இதுதான் முதல்முறை.

தண்டவாளம்:
இரண்டுமே கூடாதும்மா. அட்வான்ஸ் டிக்கெட் அதில் போட்டிருக்கும் ரயிலுக்கு மட்டும்தான். பாடிங்டன் ரயிலை ஓட்டுவது வேறு கம்பெனி. செல்லாத டிக்கெட்டோடு ஏறி மாட்டினால் அபராதம் 100 பவுண்டு, அதோடு பயணக் கட்டணமும் சேரும். 21 நாளுக்குள் கட்டினால் அந்த 100 மட்டும் 50 ஆகக் குறையும்.

ஆனால் வழி இருக்கிறது. அட்வான்ஸ் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது, நேரத்தை மாற்றலாம். அந்த 5 மணி ரயில் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும், கிளம்பிய பிறகு அது வெறும் காகிதம். எங்கே வாங்கினீர்களோ அந்த ஆப்பிலேயே செய்யுங்கள். மாற்றும் கட்டணமும் டிக்கெட் விலை வித்தியாசமும் கேட்பார்கள். அந்தத் தொகை அதிகமாக இருந்தால் பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு சிங்கிள் (ஒருவழி டிக்கெட்) எடுப்பது லாபம். சனி, ஞாயிறில் ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேர) டிக்கெட் நாள் முழுக்கச் செல்லும், எந்த நேர ரயிலிலும் ஏறலாம்.

லண்டனுக்குள் டிக்கெட் எடுக்காமல் பேங்க் கார்டைத் தட்டியே பயணம் செய்து பழகியிருப்பீர்கள். ஆக்ஸ்போர்டுக்கு அது நடக்காது. அப்புறம், ஆக்ஸ்போர்டு பார்க்வே என்று முந்தின ஸ்டேஷன் ஒன்று வரும், பெயரைப் பார்த்து இறங்கிவிடாதீர்கள். அது ஊருக்கு வெளியே, கிட்லிங்டன் பக்கம். வார இறுதியில் தண்டவாள வேலை நடக்கும், ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். வெள்ளி இரவே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கீரைக்கட்டு:
ரயிலையே விடுங்க. ஆக்ஸ்போர்டு டியூப் என்று ஒரு பஸ் இருக்கிறது, பெயர்தான் டியூப், லண்டன் சுரங்க ரயில் இல்லை. ஹெடிங்டனிலேயே நிற்கும், லண்டன் விக்டோரியா வரை வரும். உங்கள் தோழி வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஏறலாம். ரயிலைவிட நேரம் கூட ஆகும். பவர் பேங்க் மறக்காதீங்க, டிக்கெட் எல்லாம் போனில்தானே இருக்கு.

செங்காந்தள்:
11 முதல் 3 வரை கவலையே வேண்டாம். ஜி.யு. போப் அங்கேதான் அடங்கியிருக்கிறார்! வால்டன் தெருவில் செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம், ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று கல்லில் எழுதியிருக்கும், படித்துவிட்டு வாருங்கள்.

தண்டவாளம்:
கல்லறை அங்கே இருப்பது சரி, அந்த வாசகம்தான் இல்லை. நான் நேரில் பார்த்தேன். குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1886இல் குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொடுத்தவருக்கு, 1908இல் அவர் போன பிறகு நம் ஊரிலிருந்து பணம் போயிருக்கிறது. வாசல் ஒரு சின்ன சந்துக்குள் இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள். மழை வந்தால் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் பக்கத்தில்தான், நுழைவு இலவசம்.

மழைத்துளி:
போய் வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. டிக்கெட் மாற்றக் கேட்ட தொகை பஸ் கட்டணத்தைவிட அதிகம், அதனால் 5 மணி ரயிலை விட்டுவிட்டேன். அந்தச் சந்து வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் கல்லறையைக் கண்டுபிடித்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. தூக்கம் வரவில்லை, 1 மணிக்கே வருகிறேன் என்றாள். அவளும் 3 வருடமாக அந்த ஊரில் இருக்கிறாள், போப் கல்லறையைப் பார்த்ததில்லை. இங்கேயே வா என்றேன். இரவு 9 மணிக்கு ஹெடிங்டன் நிறுத்தத்தில் பஸ் ஏற்றிவிட்டாள், கையில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்து.